டிபன் பாக்ஸ் முதல் பத்தியில் ஏறிய நாள்

திருப்பூரில் ஒரு வெள்ளைக்காரர் தெருவில் இறங்கி நடந்தால் அவர் ஒன்று துணி வாங்க வந்த பையராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனியைச் சோதிக்க பையர் அனுப்பிய ஆடிட்டராக இருக்க வேண்டும். மூன்றாவது வகை ஒன்று இருப்பதாக எங்கள் ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பையர் துணியைத் தடவிப் பார்ப்பார். ஆடிட்டர் கழிப்பறையைத் திறந்து பார்ப்பார். பிறகு தொழிலாளர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, எத்தனை மணி நேரம் வேலை, குடிதண்ணீர் உண்டா, சூப்பர்வைசர் திட்டுகிறாரா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். பதில்களை முந்தின வாரமே எல்லோருக்கும் உருப்போட வைத்திருப்பார்கள். அப்படி உருப்போட வைத்தவர்களில் நானும் ஒருவன். இருபது வருஷம் மெர்ச்சண்டைசர் வேலை பார்த்தேன். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவதுதான் அந்த உத்தியோகம். கழுத்து வலி வந்ததும் விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். அதோடு, வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் வண்டி பிடித்து, ஆள் பிடித்து, பேசுவதை மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையும் செய்கிறேன். இதற்கு அவர்கள் ஊரில் ஃபிக்சர் என்று பெயர். என் வீட்டில் புரோக்கர் என்று பெயர்.

அமெரிக்கா நம் துணிக்கு வரியை ஏற்றிய பிறகு ஊரில் ஆர்டர்கள் நின்றன. பல கம்பெனிகளில் ஒரு மாடியை அடைத்து, ஆட்களை வாரத்தில் மூன்று நாள் மட்டும் வரச்சொன்னார்கள். இதை முதலில் எழுதியவன் நான்தான் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. எழுதினேன், என் பத்திரிகையில் ‘பின்னலாடை ஆர்டர்களில் சற்று மந்தம்’ என்று ஏழாம் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு வந்தது. பக்கத்திலேயே முழு அகலத்துக்கு ஒரு பனியன் விளம்பரம். பனியன் போட்டவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மந்தம் எதுவும் இல்லை போலிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து டெல்லியிலிருந்து ஒரு வெளிநாட்டு நிருபர் அம்மா போன் செய்தார். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு சுற்றுப்பட்ட ஆறு நாடுகளைப் பார்ப்பவர். எந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தாலும், அணை உடைந்தாலும் அவர்தான் போக வேண்டும். திருப்பூருக்கு அவரால் ஒதுக்க முடிந்தது ஒன்றரை நாள்.

வந்து இறங்கியதும் அவர் கேட்டது காலி மெஷின்கள். “என் டெஸ்க்கில் அதைத்தான் கேட்கிறார்கள்” என்றார். டெஸ்க் என்பது கடல் தாண்டி ஒரு நகரத்தில் இருக்கும் ஆசிரியர் குழு. அவர்கள் திருப்பூரைப் பார்த்ததில்லை; ஆனால் அது எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். வரிசையாகக் காலி மெஷின், நடுவில் ஒற்றை ஆள், ஜன்னலிலிருந்து வெளிச்சம்.

எனக்குத் தெரிந்த ஒரு முதலாளியிடம் போனேன். நல்ல மனுஷன். காப்பி கொடுத்துவிட்டு அழகாக முடியாது என்றார்.

“ஏனுங்க, என்ற மெஷினு காலியா இருக்கறத அமெரிக்காவுல படம் போட்டுக் காட்டோணுமுங்களா? மிச்சம் இருக்கற ரெண்டு பையரும் அதப் பாத்துப்போட்டு வங்காளதேசத்துக்கு ஓடிப்போயிருவானுங்க. நீங்க வேணுமுன்னா ஓடற மெஷினப் படம் புடிங்க. பிஸ்கட் எடுத்துக்கோங்க.”

ஓடுகிற மெஷினை டெஸ்க் ஏற்காது. அந்த அம்மாவின் முகம் வாடிக்கொண்டே போனது. எனக்குப் பதற்றம் வந்தால் வாய் நிற்காது. “தொழிலாளி ஒருத்தரை அவர் வீட்டிலேயே பார்க்கலாம். அருமையாகப் பேசுவார்” என்று சொல்லிவிட்டேன். யார் என்று அப்போது எனக்கே தெரியாது. சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

நினைவுக்கு வந்தவர் ஒரு செக்கிங் அக்கா. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை பார்க்கிற வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருஷமாக இங்கே இருப்பவர். நான் மெர்ச்சண்டைசராக இருந்த காலத்தில் நானும் அவரும் ஒரே கம்பெனி. கணவர் இல்லை. மகள் சொந்த ஊர்ப் பக்கம் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். போனில் கூப்பிட்டு, “ஒரு வெளிநாட்டம்மா வருதுங்க. நாலு கேள்வி கேக்கும். அரை மணி நேரந்தானுங்க” என்றேன். பத்திரிகை என்ற சொல்லை நான் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்ற பயம். சொல்லாமல் விட்டதை அன்றைக்கு நான் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை நாலு மணிக்குப் போனோம். ஒரே வரிசையில் எட்டு வீடுகள் உள்ள காம்பவுண்டு. கதவைத் திறந்தவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சொந்த வீட்டுக்குள், தலையில் வலைத் தொப்பி, வாயில் மாஸ்க், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஆடிட்டுக்கு நிற்பது போலவே நின்றார்.

நிருபர் அம்மா மொபைலைச் சின்ன முக்காலியில் பொருத்தி வீடியோவை ஓடவிட்டு, மிகுந்த பரிவோடு கேட்டார்: இந்த நாட்களில் உங்களுக்கு எதை நினைத்தால் கவலையாக இருக்கிறது?

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: “எட்டு மணி நேரம்தான் வேலை. தீ பிடிச்சா ரெண்டு வழி இருக்கு, ரெண்டும் எனக்குத் தெரியும். குடிதண்ணி நல்லா இருக்கு. புகார்ப்பெட்டி இருக்கு, புகார் ஒண்ணும் இல்ல.”

நான் மொழிபெயர்த்தேன். நிருபர் அம்மா மறுபடியும், வேறு மாதிரியாக, இன்னும் மென்மையாகக் கேட்டார். முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தப் பதில் நான் சொல்லிக்கொடுத்தது, வார்த்தை பிசகவில்லை. ஒரு வாத்தியாருக்கு உண்டான பெருமைகூட வந்தது. அங்கேயே, “அக்கா, இது ஆடிட் இல்லீங்க, பேப்பர்” என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சிரிப்பை அடக்குவதிலேயே எனக்கு நேரம் போய்விட்டது.

வீடியோ நின்றது. வாசலில் நிற்கவைத்து, மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, நிருபர் அம்மா ஒரு படம் எடுத்தார். பிறகு அக்கா டீ போட அடுப்படிக்குப் போனார். நான் டம்ளர் எடுத்துக்கொடுக்கப் போனேன்.

“சரியா சொல்லிட்டேனா அண்ணாச்சி?” என்றார்.

“கலக்கிப்போட்டீங்க.”

“கம்பெனில சொல்லிக்கொடுத்தத அவகிட்ட சொல்லியாச்சு. உள்ளத உங்ககிட்ட சொல்லுதேன். வாரத்துல மூணு நாளுதான் வேல. மிச்ச நாளும் டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு காலைல எட்டு மணிக்குக் கெளம்பிருதேன். நான் வேலைக்குப் போறத வாடகை வாங்குத வீட்டுக்காரம்மா பாக்கணும்லா, பக்கத்து வீட்டு ஆளுவ பாக்கணும்லா. பெரியாஸ்பத்திரில சீட்டு குடுக்க இடத்துல பெஞ்சு இருக்கு, ஃபேன் இருக்கு. அங்கன இருந்து சாப்பிட்டுட்டு சாயங்காலம் வந்திருதேன். என் மவகிட்டயும் வேல இருக்குன்னுதான் சொல்லியிருக்கேன். தெரிஞ்சா படிப்ப விட்டுட்டு மூட்டையோட வந்து நிப்பா. அவ இங்க வந்து துணி மடிக்கவா நான் இத்தன வருசம் நின்னேன்?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். டீயோடு வெளியே வந்து, ஒன்றரை நாளாக ஒன்றும் கிடைக்காமல் வாடிப்போயிருந்த நிருபர் அம்மாவிடம், அடுப்படியில் கேட்டதை அப்படியே இங்கிலீஷில் ஒப்பித்தேன். டிபன் பாக்ஸ், ஆஸ்பத்திரி பெஞ்சு, மகள், எல்லாமே. அவர் பேனா ஓடியதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

கிளம்பும்போது அவர் ஒரு சம்மதத் தாளை நீட்டினார். அக்கா படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: “இத கம்பெனில காட்ட மாட்டாவல்லா?”

“காட்ட மாட்டாங்க” என்றேன். அது பொய் இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

மறுநாள் காலை ஏழரைக்கு நிருபர் அம்மாவிடமிருந்து ஒரு மெசேஜ். கோவை விமான நிலையத்தில் இருக்கிறார். பக்கத்து நாடு ஒன்றில் ராத்திரியோடு ராத்திரியாகக் கலவரம், அங்கே போகிறார். திருப்பூர்ச் செய்தியை எழுதி அனுப்பியாயிற்று. ‘டெஸ்க்குக்கு டிபன் பாக்ஸ் மிகவும் பிடித்துவிட்டது. அதுதான் முதல் பத்தி. பெயரோடு, வாசல் படத்தோடு வருகிறது. எல்லாம் உங்களால். நன்றி நண்பரே.’

நண்பர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷோடு அப்படியே நின்றார்.

நர்சிங் படிக்கிற பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியும். கையில் போன் உண்டு. அம்மா படத்தை யாராவது ஒருத்தர் அனுப்பாமலா இருப்பார்கள்? நான் கூப்பிட்டபோது நிருபர் அம்மாவின் போன் அணைந்திருந்தது. பெயரையும் படத்தையும் எடுத்துவிடச் சொல்லி டெஸ்க்கின் மின்னஞ்சலுக்கு எழுதினேன், அங்கே நடுராத்திரி. எங்கள் ஊர் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் அங்கே ஆள் வருவார்கள். உலகம் உருண்டை என்பதை முதல்முறையாக நான் கண்டித்தேன்.

“ஏனுங்க, மூஞ்சி ஏன் சாயம் போன பனியனாட்ட இருக்குது?” என்றாள் மனைவி.

சொன்னேன். அவள் தோசைக்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அந்த அக்கா உங்ககிட்டத்தான சொல்லுச்சு?”

“ஆமா.”

“அந்தம்மாகிட்டச் சொல்லச் சொல்லுச்சா?”

“இல்ல.”

“அப்பறம் என்ன பண்ணுனீங்க?”

“மொழிபெயர்த்தேன்.”

“நல்லாப் பண்ணுனீங்க போங்க” என்று தோசையைத் திருப்பிப் போட்டாள். அது கருகியிருந்தது. அதையே எனக்கு வைத்தாள்.

வீட்டில் இருக்க முடியவில்லை. வண்டியை எடுத்தேன். சிக்னலுக்குச் சிக்னல் போனைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவினாசி ரோட்டில் போய்க்கொண்டிருந்தவன் எங்கே போகிறோம் என்று யோசித்தபோது சேவூர் வந்துவிட்டது. சேவூரில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஒரு டீ குடித்தேன், பிறகு இன்னொரு டீ. ‘கம்பெனி ஆட்கள் அந்தப் பெண்ணை மிரட்டுகிறார்கள், பெயரை எடுத்துவிடுங்கள்’ என்று டெஸ்க்குக்கு இன்னொரு கடிதம் மனதில் எழுதிப் பார்த்தேன். அப்படி எழுதினால் அந்த மிரட்டலே தலைப்பாகி, படம் இன்னும் பெரிதாக வரும். மேலும், பழி அந்த நல்ல முதலாளி மாதிரி ஆட்கள் தலையில் விழும்; அவர் எனக்குப் பிஸ்கட்டெல்லாம் கொடுத்திருந்தார்.

திரும்பி வந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அன்றைக்கு அக்காவுக்கு வேலை இல்லாத நாள். புறநோயாளிகள் கூடத்தில் மூன்றாவது பெஞ்சில், ஃபேனுக்கு நேர் கீழே, மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். மைக்கில் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார்.

“என்ன அண்ணாச்சி, உடம்புக்கு என்ன? இப்படி வேர்க்கு?”

எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைத்துத்தான் சொன்னேன், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

“அப்போ அந்த வெள்ளக்காரி ஆடிட் இல்லையா?”

“இல்லீங்க. பேப்பர்.”

“உங்களுக்குத் தெரியுமா, நான் ஆடிட்டுன்னு நெனச்சேன்னு?”

“தெரியுமுங்க.”

மைக்கில் இரண்டு நம்பர் கூப்பிட்டார்கள். “அதான் அப்படிச் சிரிச்சீங்களா” என்றார். பிறகு, “என் மவளுக்கு அடுத்த மாசம் பரீச்ச. படத்த எடுத்துருங்க அண்ணாச்சி. என்ன செய்வீகளோ தெரியாது, எடுத்துருங்க” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு டெஸ்க்கிலிருந்து பதில் வந்தது. மரியாதையான நாலு வரி. வீடியோ இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. பேசியவர் பிறகு மனம் மாறினார் என்பதற்காகப் பெயரை எடுக்கும் வழக்கம் தங்களுக்கு இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டும்: பத்திரிகையிடம் பேசுகிறோம் என்று தெரிந்துதான் அவர் பேசினாரா? செய்தி இன்னும் மூன்று மணி நேரத்தில் ஏறுகிறது.

ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று சொன்னால் போதும். இரண்டுக்கும் நடுவில் நின்று தலையாட்ட அந்த மின்னஞ்சலில் இடமே இல்லை. இல்லை என்றால், ஏன் இல்லை என்று எழுத வேண்டும். எழுதினால் அந்தப் பத்திரிகை என்னை இனி கூப்பிடாது. டெல்லியில் இருக்கும் மற்ற வெளிநாட்டு நிருபர்கள் எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள். அவர்களும் கூப்பிட மாட்டார்கள்.

என் இங்கிலீஷ் பையருக்குப் பழகிய இங்கிலீஷ். சரக்கு தாமதமானால் வருத்தம் தெரிவிக்க எனக்கு நாற்பது விதமாகத் தெரியும். ஆனால் தப்பு என்னுடையது என்று அதுவரை ஒரு தடவையும் எழுதியதில்லை. மழை, கரண்ட், சாயப்பட்டறை என்று யாராவது கிடைத்துவிடுவார்கள். அன்றைக்கு யாரும் கிடைக்கவில்லை. அவர் ஆடிட் என்று நினைத்தார், அப்படி நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும், நான் திருத்தவில்லை, டிபன் பாக்ஸ் விஷயத்தை என்னை நம்பிச் சொன்னார், உங்கள் நிருபருக்கு இது தெரியாது என்று எழுதினேன். ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று முடித்தேன். பழக்கதோஷம்.

செய்தியிலிருந்து பெயரும் படமும் மகளும் ஆஸ்பத்திரியும் போயின. அன்று இரவு எட்டு மணிக்குப் பக்கத்து நாட்டிலிருந்து நிருபர் அம்மா கூப்பிட்டார். பின்னால் ஏதோ சைரன் சத்தம். “என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்” என்றார். ஆமாம் என்றேன். “அந்தப் பெண்ணிடம் முதலில்” என்றார். அதற்கும் ஆமாம். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

செய்தி இரண்டு நாள் தள்ளிப்போய், கலவரம் கொஞ்சம் தணிந்ததும் பாதி அளவில் வந்தது. படத்துக்குப் பூட்டிய கேட் ஒன்று. யாருடைய கேட் என்று தெரியவில்லை. நடுவில் ஒரு வரி தப்பிப் பிழைத்திருந்தது: ‘வேலையில்லாத நாட்களிலும் சில பெண்கள் மதிய உணவோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள்.’ நான் ஒருவரைப் பற்றிச் சொன்னதைத்தான் அவர்கள் பாதுகாப்பாகச் ‘சில பெண்கள்’ ஆக்கியிருந்தார்கள். அப்பாடா என்று ஒரு நாள் முழுக்கத் தூங்கினேன்.

மறுநாள் காலை என் சொந்தப் பத்திரிகையைப் பிரித்தேன். முதல் பக்கம். ‘உலகின் கவனத்தை ஈர்த்த திருப்பூர் துயரம்: வெளிநாட்டுப் பத்திரிகை செய்தி.’ நான் எழுதியபோது சற்று மந்தமாக இருந்தது, கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததும் துயரமாகியிருந்தது. டிபன் பாக்ஸ் வரியைத் தனியாகக் கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆசிரியரைக் கூப்பிட்டேன். “நம்ம ஊர்ச் செய்தி, நம்மகிட்ட இல்லாமப் போச்சு பாருங்க. கொஞ்சம் கண்ணத் தொறந்து வெச்சுக்கங்க சார்” என்றார்.

அந்தக் கட்டத்தை நர்சிங் விடுதியிலும் யாரோ படித்தார்கள். அந்தப் பிள்ளைக்குப் படமோ பெயரோ தேவைப்படவில்லை. இத்தனை நாள் மத்தியானம் அம்மாவோடு பேசும்போதெல்லாம் பின்னால் கேட்ட சத்தம் தையல் மெஷின் இல்லை, மைக்கில் டோக்கன் கூப்பிடும் சத்தம் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போகிறவளுக்குத் தெரியாதா? யாரையாவது பார்க்கப் போயிருப்பார் என்று நினைத்திருந்தாள். கட்டத்தைப் படித்ததும் கணக்கு சரியாகிவிட்டது. பஸ் ஏறிவிட்டாள்.

அக்கா என்னைக் கூப்பிட்டார். “வந்துட்டா. படிப்ப விடப்போறேங்கா. நீங்க வாங்க. வெள்ளக்காரிகிட்ட அவ்வளவு பேசுனீங்கல்லா, இவகிட்ட வந்து பேசுங்க.”

அதே வீடு, அதே இடம். பிள்ளை எனக்கு எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

“எங்க அம்மா விசயத்த வெளிய சொல்லச் சொன்னது யாரு?”

“யாரும் இல்லம்மா.”

“பெறகு ஏன் சொன்னீங்க?”

என்னிடம் எப்போதும் ஒரு வேடிக்கை கைவசம் இருக்கும். தேடிப் பார்த்தேன். “அந்தம்மா முகம் வாடிப்போயிருந்துச்சும்மா. எனக்குப் பொறுக்கல” என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மட்டமான காரணம் என்று எனக்குக் கேட்டது.

அவள் என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள். “நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ இப்படி வந்து நிப்பேன்னுதான்.”

“சொல்லாம இருந்ததுக்குத்தான் வந்து நிக்கேன்.”

அதன் பிறகு அவர்கள் இருவரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். நடுவில் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எழுந்து போகவும் எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் பிள்ளை ஒரு முடிவுக்கு வந்தாள். பரீச்சை எழுதப் போகிறாள். ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு அம்மா ஒரே ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும்: உண்டு, இல்லை. இல்லை என்கிற நாளில் வீட்டிலேயே இருக்க வேண்டும். வீட்டுக்காரம்மா என்ன நினைத்தாலும் சரி. ஒரு நாள் பொய் சொன்னாலும் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவாள்.

“பொய்யின்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று அக்கா கேட்டார்.

பிள்ளை என்னைக் காட்டினாள். “இவுககிட்டக் கேப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிட்டோம். அன்றிலிருந்து எட்டேகாலுக்கு எனக்கும் ஒரு மெசேஜ் வருகிறது: ‘அம்மா இன்னைக்கு இல்லன்னு சொல்லுதாங்க. நெசமா?’ நான் வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் காம்பவுண்டுக்குப் போய், வீட்டுக்காரம்மா முறைக்க, அக்கா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, ‘நெசம்’ என்று பதில் போடுகிறேன்.